வெங்காயம், முடி, ஒரு மீன்

நான் பிழைத்தால் தன் உயிரைத் தந்துவிடுவதாக என் மனைவி சாமியிடம் சொல்லியிருந்தாள். ரொம்ப நாளைக்கு எனக்கு இது தெரியாது. விஷயத்தைக் கடைசிவரை மூடிவைத்து முடிவில் திறந்து காட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அப்படி எழுதுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வரும். அதனால் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். எனக்குத் தலைக்குள் ஒரு கட்டி. அதை எடுத்த அன்று, ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, "அவர விட்டுடு, பதிலுக்கு என்னை எடுத்துக்கோ" என்று முருகனிடம் சொல்லிவிட்டாள். அந்த வேண்டுதலிலிருந்து அவளை வெளியே கொண்டுவந்தவன் ரோமாபுரியின் இரண்டாவது ராஜா. அப்படி ஒருவன் உண்மையில் இருந்தானா என்பதே சந்தேகம் என்கிறார்கள். இருந்தானோ இல்லையோ, அவனை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மாசி என்கிற புறநகரில். எனக்கு மென்பொருள் சோதிக்கிற வேலை. அடுத்தவன் எழுதியதில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், என் குணத்துக்கு ஏற்ற உத்தியோகம். மனைவி குழந்தைகள் காப்பகத்தில் டீச்சர். ஒரே பெண். இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள்.

கட்டி என்று தெரிந்த அன்றைக்கே முதல் வேண்டுதல் நடந்துவிட்டது. பழனிக்கு வந்து எனக்கு மொட்டை போடுவதாக மனைவி வேண்டிக்கொண்டாள். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் பரீட்சைக்கு, பிரசவத்துக்கு, விசாவுக்கு என்று எதற்கும் யாராவது ஒருவர் தலை மழிக்கப்படும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் வந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்காரர்கள் என் பாதித் தலையை மழித்துவிட்டார்கள். கண் விழித்து, நாக்கு திரும்பி, நான் முதலில் கேட்ட முழு வாக்கியம் அவளுடைய புலம்பல்தான்.

"சாமிக்குச் சேர வேண்டிய முடிங்க. குப்பையில போட்டுட்டாங்களே."

"மீதிப் பாதி இருக்குல்ல? தள்ளுபடி கேளு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரிக்கிறவள் அவள். வாடகை வீட்டில் இருந்த காலத்தில் அந்தச் சிரிப்புக்காக எங்களுக்கு ஒரு புகார்கூட வந்திருக்கிறது. சரி, ராத்திரியெல்லாம் தூங்கியிருக்கமாட்டாள் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் சிரிப்பு திரும்பவில்லை. அதற்குப் பதிலாக ஒரு புதுப் பழக்கம் வந்தது. எனக்கு வாஷிங் மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். ரசப்பொடி எந்த டப்பாவில், சாம்பார்ப்பொடி எந்த டப்பாவில் என்று காட்டினாள். நான் மூளைக்குப் பயிற்சி தருகிறாள் என்று நினைத்து மறுபேச்சில்லாமல் படித்தேன். முடி வளர்ந்ததும் பழனிக்குப் போவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துடுங்க" என்பாள். லீவு கிடைக்காது போல என்று நினைத்துக்கொண்டேன். குறை கண்டுபிடிக்கிற உத்தியோகஸ்தனின் லட்சணம் இது.

அந்த ராஜா எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு சனிக்கிழமை, மழை நாள். கோயிலுக்குக் கிளம்பியிருந்தோம். தலையைத் திறந்து மூடியவன் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் உத்தரவு, அதனால் மனைவிதான் ஓட்டினாள். நான் பக்கத்தில், பெண் பின் சீட்டில். பள்ளியில் அவள் எடுத்திருக்கும் பாடங்களில் ஒன்று பழைய கிரேக்கமும் ரோமும். ரோமின் ஆதி ராஜாக்களில் ஒருவரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டுமாம். எங்களை வைத்து ஒத்திகை பார்த்தாள். அவள் சொன்னது ஆங்கிலத்தில். எனக்குக் கேட்டது தமிழில்தான், அப்படியே தருகிறேன்.

ரோமை உண்டாக்கிய முதல் ராஜா ஒரு புயலுக்குள் காணாமல் போய்விட்டான். அடுத்து யார் என்று ஊரே சண்டை போட்டது. கடைசியில் வெளியூரில் செடிகொடிகளோடு நிம்மதியாக இருந்த நூமா என்பவனைத் தேடிப் போய், வந்து எங்களை ஆளு என்று கெஞ்சினார்கள். அவனுக்கு இஷ்டமே இல்லை. இருந்தாலும் வந்தான். வந்த இடத்தில் இடி இறங்கத் தொடங்கியது. நாள் தவறாமல் மின்னல், நாள் தவறாமல் நெருப்பு. வானத்துச் சாமியான ஜூபிடருக்கு என்ன கோபம் என்று யாருக்கும் புரியவில்லை. நூமா மலை மேல் ஏறி, மந்திரம் சொல்லி, சாமியையே கீழே வரவழைத்தான். மலை ஆடியது. ராஜாவுக்குத் தலைமுடி குத்திட்டு நின்றது. நாக்கு ஒட்டிக்கொண்டது. எப்படியோ சமாளித்து, இந்த இடி நிற்க நாங்கள் என்ன தர வேண்டும் என்று கேட்டான்.

தலை ஒன்று வெட்டு என்றது சாமி.

வெட்டுகிறேன், என் தோட்டத்து வெங்காயத்தின் தலையை என்றான் நூமா.

மனுஷத் தலை என்றது சாமி.

தருகிறேன், மனுஷத் தலையின் முடியை என்றான்.

உயிர் வேண்டும் என்றது சாமி.

தருகிறேன், ஒரு மீனின் உயிரை என்றான்.

வைப்பர் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் திருஷ்டிக்குப் பூசணிக்காயை நடுவில் கீறி, குங்குமத்தைக் கொட்டி, நடுத்தெருவில் போட்டு உடைப்போம். உள்ளே ரத்தம் மாதிரி இருக்கும். அது எதன் தலை, எந்தக் காலத்தில் யார் பேசி முடித்த பேரம் என்று நான் யோசித்ததே இல்லை. பழனியில் தலைக்குப் பதிலாக முடியைக் கொடுத்துவிட்டு வருகிறோமே, அதையும் எவனோ ஒருவன் நடுங்கிக்கொண்டே நின்று கேட்டு வாங்கித் தந்திருக்க வேண்டும். யார் அவன்? அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. என் பாதி வழுக்கையைத் தடவிப் பார்த்தேன்.

"சாமி என்ன பண்ணுச்சு?" மனைவி கேட்டாள். அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஹி லாஃப்ட்" என்றாள் பெண். "சிரிச்சாரு. சரி, அதையே குடு, போதும்னு சொல்லிட்டாரு."

"சிரிச்சாரா?"

"ஆமாம்மா."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். படித்ததையெல்லாம் சொல்லிவிடுகிற குணம் என் பெண்ணுக்கு, அப்பனைப் போல. மூன்றாவது ராஜாவுக்குப் போனாள். அவனுக்குச் சண்டைதான் பிடிக்கும், சாமியெல்லாம் பிடிக்காது. ஊரில் கொள்ளைநோய் வந்து தானும் படுத்த பிறகு பயம் வந்து, நூமா செய்த அதே சடங்கைத் தானும் செய்யப் பார்த்தான். எங்கேயோ முறை தப்பிவிட்டது. ஜூபிடர் மின்னலை இறக்கி, வீட்டோடு சேர்த்து அவனை எரித்துவிட்டார்.

"எந்த இடத்துல தப்பு பண்ணினான்?"

"தெரியாதும்மா. யாருக்குமே தெரியாது."

மனைவி கோயிலுக்குத் திரும்ப வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டு நேரே போய்க்கொண்டிருந்தாள். நாங்கள் சொன்ன பிறகும் அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அதற்குப் பிறகு அந்த ராஜா எங்கள் சமையலறையில் குடியேறிவிட்டான். தோசை ஊற்றிக்கொண்டே மனைவி பெண்ணைக் கேள்வி கேட்பாள். அவன் நின்றுகொண்டு கேட்டானா, விழுந்து கும்பிட்டுக் கேட்டானா? சாமிக்குக் கோபம் வந்திருந்தால்? முதலிலேயே ஒன்றைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, பிறகு குறைக்கலாமா? கடைசிக் கேள்விக்குப் பெண் கொஞ்சம் யோசித்தாள். நூமா ஏமாற்றவில்லை, கேட்டுப் பார்த்தான், முடியாது என்று சொல்ல சாமிக்கு உரிமை இருந்தது என்றாள்.

"அவன் ராஜா. அவன் கேக்கலாம்."

"ஆனா அவன் அந்த ஊர்க்காரனே இல்லையேம்மா" என்றாள் பெண். "மைக்ரன்ட். நம்மள மாதிரி."

மனைவி தோசையைத் திருப்பிப் போட மறந்துவிட்டாள். கருகல் வாசனை வந்து, புகைக்கான அலாரம் அடித்து, நான் துண்டை விசிறி அதை நிறுத்தியதில் அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு ஸ்கேன் வந்தது. அறைக்குள் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கட்டி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, சுத்தம், அடுத்த வருடம் வந்து ஒருமுறை பார்த்தால் போதும் என்றார். பெண் என்னைக் கட்டிக்கொண்டு கத்தினாள். வெட்கமில்லாமல் நான் அழுதேன். இத்தனை பேர் கையும் படிப்பும் சேர்ந்து என் தலைக்குள் போய், என்னைப் பழைய நானாகவே திரும்ப வெளியே விட்டிருக்கிறதே என்ற மலைப்பு. மனைவி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "சரி" என்றாள். அவ்வளவுதான். சந்தோஷத்தில் உறைந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். சாமி தன் பங்கைக் கொடுத்துவிட்டது, இனி தன் முறை என்று அவள் அங்கே உட்கார்ந்து யோசித்திருக்கிறாள்.

உண்மை தெரிந்தது பக்கத்து வீட்டுக்காரரால். இலங்கை மன்னார்க்காரர், கத்தோலிக்கர், பிளம்பர். லீவு நாளில் தூண்டிலோடு போய்விடுவார். அவர் மீன் பொரித்தால் என் மனைவி எங்கள் வீட்டு ஜன்னலையெல்லாம் சாத்துவாள். சாத்துகிற சத்தம் அவருக்கும் கேட்கும். அதில் இரண்டு பேருக்குமே வருத்தம் கிடையாது. அடுத்த நாளே அவள் அவரை அக்கறையாக விசாரிப்பாள், அவரும் அக்கா அக்கா என்று உருகுவார். அன்றைக்குக் குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு போன என்னை வேலியோரம் நிறுத்தினார்.

"அண்ணை, அக்காவுக்கு ஏதும் சுகமில்லையோ?"

"ஏன், என்ன ஆச்சு?"

"என்னட்ட ஒரு மீன் கேக்கிறா. உயிரோட வேணுமாம். சின்னனா இருந்தாலும் காணுமாம். ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ எண்டு வேற சொன்னவா. எனக்குப் பயமாக் கிடக்கு, அதுதான் கதைக்கிறன்."

முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவள். அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சாமி உயிர் கேட்டபோது நூமா கொடுத்தது மீன். இவளிடம் உயிர் கேட்டது யார்? தொட்டியை நடுவழியில் விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் மறைக்கவில்லை. அறுவை சிகிச்சை சொன்ன நேரத்துக்கு முடியவில்லை, யாரும் வெளியே வந்து எதுவும் சொல்லவில்லை, முடி ஏற்கெனவே போய்விட்டது, தன்னிடம் வேறு என்ன இருந்தது என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"யாரக் கேட்டு வேண்டிக்கிட்ட? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க மண்டையத் திறந்து போட்டுக்கிட்டுப் படுத்திருந்தீங்க. உங்களக் கேக்கவா முடியும்?"

"உன்னைக் குடுத்துட்டு நான் இருந்து என்னத்தப் பண்றது?"

"அதுக்குத்தான் வாஷிங் மெஷின் சொல்லிக்குடுத்தேன். கத்தாதீங்க, தையல் போட்ட தலை."

மடித்த துணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறைதான். நல்லது நடந்தால் உண்டு, நடக்காவிட்டால் இல்லை. இவளுக்கு அப்படி இல்லை. சொன்னால் சொன்னதுதான். இத்தனை மாதமும் ஒவ்வொரு நாள் காலையிலும் இன்றைக்கா என்று நினைத்துக்கொண்டே எழுந்து, காப்பி போட்டு, சின்னக் குழந்தைகளுக்குக் கைதட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இப்படி ஒருத்தி பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். கும்பிட வேண்டும் போல இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் முடிந்தது.

"நூமா மாதிரி கேட்டுப் பாக்குறேங்க" என்றாள். "ஒத்துக்கலைன்னா முதல்ல சொன்னதே இருக்கட்டும்."

ஒரு மத்தியானம் மன்னார்க்காரரோடு நான்கு பேராக ஹாப்சன்வில் பாயிண்ட் படகுத்துறைக்குப் போனோம். பெண்ணிடம் சொல்லிவிட்டோம், சொல்லாமல் முடியாது. அவள் வழியெல்லாம் அம்மாவின் தோளில் கை வைத்தபடியே வந்தாள். காற்று முகத்தில் அறைந்தது. பலகை மேடையின் விளிம்பில் ஆட்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பங்களின் மேல் வெள்ளை வெளேரென்று கடற்காகங்கள் உட்கார்ந்து எல்லோருடைய வாளியையும் பார்த்துக்கொண்டிருந்தன. மன்னார்க்காரர் தூண்டிலை இறக்கிய கொஞ்ச நேரத்திலேயே விரல் நீளத்துக்கு வெள்ளியாக ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது.

"இதை இங்க ஸ்ப்ராட் எண்டுவினம், அக்கா. எங்கட சூடை மாதிரி. பிடியுங்கோ."

மனைவி செருப்பைக் கழற்றினாள். இரண்டு கையையும் பிரசாதம் வாங்குகிற மாதிரி சேர்த்து நீட்டினாள். மீன் உள்ளங்கையில் விழுந்ததும் அவள் உடம்பு ஒருமுறை உதறியது. ஆனால் விடவில்லை. கடலைப் பார்த்து, வீட்டுப் பெரியவரிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"முருகா, அன்னைக்கு என் உயிரத் தரேன்னு சொன்னேன். சொல்லலைன்னு சொல்லமாட்டேன். நீ உன் வாக்கக் காப்பாத்திட்ட. ஆனா பொண்ணு இன்னும் படிச்சு முடிக்கல. இந்த மனுஷனுக்கு இன்னும் ரசம் வைக்கத் தெரியல. இந்த உயிர வாங்கிக்கிட்டு என்னை விட்டுடு. இஷ்டமில்லைன்னா சொல்லு, பழையபடியே வச்சுக்கலாம்."

அதற்கப்புறம் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. கொல்ல வேண்டுமா? அவளால் முடியாது, எறும்பைக்கூட ஊதித் தள்ளுகிறவள். தண்ணீரில் விட்டுவிட்டால் கொடுத்ததாக ஆகுமா? மீனைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். முறை தப்பி எரிந்துபோன அந்த மூன்றாவது ராஜா அவள் கண்ணில் தெரிந்தான். மீனின் துள்ளல் குறைந்துகொண்டே வந்தது.

"கெதியா, அக்கா, அது செத்துப்போம்" என்றார் மன்னார்க்காரர்.

அப்போது வெள்ளையாக ஏதோ ஒன்று என் காதை உரசிக்கொண்டு போனது. இறக்கைச் சத்தம், மனைவியின் அலறல், அவ்வளவுதான். கடற்காகம் ஒன்று அவள் கையிலிருந்து மீனைக் கொத்திக்கொண்டு மேலே போயிருந்தது. விரலில் ஒரு கீறல்கூட இல்லை. நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். துறைக்கு மேலே ஏறி, சாய்ந்து, தூரத்தில் தெரிந்த பாலத்தின் பக்கமாகப் போய், வெளிச்சத்துக்குள் மறைந்துவிட்டது.

"நோ வே" என்றாள் பெண், மெதுவாக. மன்னார்க்காரர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

எனக்குத் தெரியும். அந்தத் துறையில் கடற்காகங்கள் குழந்தைகள் கையிலிருந்து சிப்ஸ் பிடுங்குவதை நானே பார்த்திருக்கிறேன். பசித்த பறவை, நீட்டிய கை, இதில் சோதித்துக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. தெரிந்தும், என் தலையில் இல்லாத முடிகூடக் குத்திட்டு நின்றது. நம் வீடுகளில் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு, அது எடுக்கிறதா என்று வாசல் மறைவில் நின்று பார்ப்போமே, எடுத்ததும் மனசுக்குள் ஒன்று இறங்குமே, அது இந்தக் கடலுக்கு நடுவில் என்னைத் தேடி வந்துவிட்டது. மலை மேல் நூமா எப்படி நின்றிருப்பான் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது.

மனைவி இன்னும் வெறும் கையை நீட்டியபடியே நின்றாள். கையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். "எடுத்துக்கிட்டாரு" என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, பிறகு அந்தப் பழைய சிரிப்பு, தூண்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. பெண் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தேன்.

மன்னார்க்காரர் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுத் தன் வண்டியில் வருகிறேன் என்று தங்கிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் வண்டியில் ஏறினோம். கையெல்லாம் மீன் நாற்றம் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே மனைவி பெல்ட்டை மாட்டினாள்.

"பழனிக்கு டிக்கெட் பாக்குறேன்னீங்களே, பாத்தீங்களா?"

"பாத்துடலாம்" என்றேன். கேட்கப் பயமாக இருந்தது, இருந்தாலும் கேட்டேன். "ரெண்டுதானே?"

"எதுக்கு ரெண்டு? மூணு போடுங்க" என்றாள், கண்ணாடியில் பின்னால் பார்த்து வண்டியை எடுத்துக்கொண்டே. "ஜன்னல் சீட்டு எனக்கு."